பன்னிரண்டில் மூன்று

(கிழக்கு பெர்லின், 1961 ஆகஸ்ட்)

சனிக்கிழமை மாலை நாலரைக்கு
டெட்லெஃப் கொஸ்ஸாக் உலையைத் திறந்தான்.
தகரம் வெட்டும் அச்சுகள் பன்னிரண்டு,
பழுத்த ஆரஞ்சு நிறத்தில்.
காந்தத்தை நீட்டினான்; ஒட்டவில்லை.
"தன்னை மறந்துவிட்டது" என்றான், எப்போதும்போல.
பிறகு ஒவ்வொன்றாக எண்ணெய்க்குள்.

நான் ஆய்வுக்கூடக்காரி,
தோய்ச்சலின் உள்விவகாரம் தெரியும்.
அந்தச் சூட்டில் இரும்பணுக்கள் விசாலமாக நிற்கும்;
இடைவெளிகளில் கரி
வாடகையில்லாமல் குடியிருக்கும்.
மெதுவாக ஆறவிட்டால்
மூட்டை கட்டிக்கொண்டு கரி வெளியே நடக்கும்,
தனக்கென்று வரிவரியாக வீடு கட்டிக்கொள்ளும்.
இரும்பும் அரத்துக்கு இணங்கும்.

எண்ணெய் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.
ஒரே சறுக்கல்.
எந்த அணுவும் பக்கத்து அணுவைப் பிரியவில்லை,
அண்டைவீட்டார் அதே அண்டைவீட்டார்.
கனசதுரம் மட்டும் ஒருபக்கமாக நீண்டுவிட்டது,
உள்ளே மாட்டிக்கொண்ட கரியின்
முழங்கை இடித்து.
அந்த இடிப்புக்குத்தான் கடினம் என்று பெயர்.
எங்கள் அளவையில் அறுபத்தைந்து.
கண்ணாடியைக் கீறும்.
தரையில் போட்டால் உடையும்.

அதனால் வெதுவெதுப்பு போகுமுன்
சின்ன உலையில் வைக்க வேண்டும்,
இருநூறு டிகிரி, இரண்டு மணி நேரம்;
கெட்டியில் கொஞ்சம் கொடுத்துப் பதம் வாங்க வேண்டும்.
"சின்ன உலை பழுது. காலையில் வந்து வைக்கிறேன்"
என்றான் கொஸ்ஸாக்.
கையை இரண்டு தடவை கழுவினான்.
ஞாயிற்றுக்கிழமையா?
ஞாயிற்றுக்கிழமைதான்.
அவன் சட்டைப்பையில் ஒரு பல்துலக்கும் பிரஷ்
எட்டிப் பார்த்தது.
நான் அச்சுகளை எண்ணினேன்.

அன்றிரவு ரயில்கள் நின்றன.
விடிந்தபோது தெருவுக்குக் குறுக்கே முள்கம்பி.
எதிர்வீட்டு வால்ட்ராட்
ரொட்டிப்பையோடு படிக்கட்டில் நின்றாள்.
அவள் வேலை பார்த்த தையற்கடை
நானூறு மீட்டரில் இருந்தது.
இப்போதும் அதே நானூறு மீட்டர்.

ஞாயிறு இரவு, காவலாளி டீட்ஸ் காதில்
டிங்.
ஜன்னலில் கல் என்று விளக்கோடு ஓடினார்.
ஒருவரும் இல்லை.
தட்டில் அச்சுகள், தம்பாட்டில்.
சற்றுப் பொறுத்து இன்னொன்று.
விடியுமுன் மூன்றாவது.

திங்களன்று அறுத்து, தேய்த்து, அமிலம் தடவி
நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன்.
ஊசி ஊசியாகக் குத்தி நிற்கும் சாம்பல் காடு;
நடுவே கறுப்பாய் ஒரு விரிசல்.
எழுதினேன்:
"அமைப்பு மிக விரைவாக இறுகியது.
வெளியேற இயலாதவற்றால் உள்ளழுத்தம்.
உரிய காலத்தில் தணிக்கப்படவில்லை."

தோழர் ராடமாகர் இரண்டு முறை படித்தார்.
எழுந்து கதவைச் சாத்தினார்.
"கெர்லிண்ட், இது எதைப் பற்றியது?"
எஃகைப் பற்றி.
"எஃகைப் பற்றி மட்டும்தானா?"
அவருக்குக் கோபம் இல்லை, காதோரம் வியர்வை.
கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார்:
"எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம், இல்லையா?"

கலந்திருக்கலாம்.
கீழே இறங்கிப் போய்
இரண்டு குவளை நானே ஊற்றினேன்.
மணிமணியாய்ப் பீப்பாயின் அடிக்குப் போனது.
புதிய அறிக்கை ஒரே வரி.
கையெழுத்து எப்போதும்போல விழுந்தது.

சின்ன உலையில் பழுதே இல்லை.
மீதி ஒன்பதையும் செவ்வாயன்று அதில் வைத்தேன்.
வைக்கோல் மஞ்சள் மெல்லப் படர்ந்தது.
கரி எங்கும் போய்விடவில்லை;
கொஞ்சம் அசைந்து கொடுத்திருக்கும்,
அவ்வளவுதான்.

மாலையில் வால்ட்ராட் இன்னும் அதே படியில்.
என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.
பையை மடிக்கு எடுத்துக்கொண்டு
சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.